நகராட்சிப் பணியாளருக்கும் கவுன்சிலருக்கும் விபத்து இழப்பீட்டுக் காப்பீடு: முழுமையான வழிகாட்டி

காலை ஐந்தரை மணிக்கு, தெருவிளக்கு அணையாத நேரத்தில், பேட்டரி வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிற தூய்மைப் பணியாளரை ஒரு லாரி இடித்துவிடுகிறது. அன்று மதியத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் எழும் முதல் கேள்வி, 'அவர் நம்ம ஆளா, கான்ட்ராக்டர் ஆளா?' என்பதுதான். அதற்கு விடை தேடுவதிலேயே அந்தக் குடும்பத்துக்கு மாதங்கள் கழிந்துவிடுகின்றன. விபத்துக்கு முன்பே விடை எழுதி வைக்கப்பட்டிருக்க வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று, புதிதாகப் பொறுப்பேற்ற நகர்மன்றத் தலைவர், கவுன்சிலர், ஆணையாளர், பேரூராட்சிச் செயல் அலுவலர் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். தொழிற்சங்கத்தில் இருப்பவர்கள் படித்தால் இன்னும் நல்லது.

முதலில் பெயர்ப் பட்டியல், அப்புறம்தான் பாலிசி

பெரும்பாலான அலுவலகங்களில் காப்பீட்டுக் கோப்பு, நிறுவனங்களிடம் விலைப்புள்ளி கேட்கும் கடிதத்தோடு தொடங்குகிறது. அந்த வரிசை தவறு. யாருக்காக வாங்குகிறோம் என்று தெரியாமல் வாங்கினால், மேசையில் உட்கார்ந்து வேலை செய்பவருக்குப் பாதுகாப்பு இருக்கும். குப்பை லாரியின் பின்படியில் நிற்பவருக்கு இருக்காது.

சுகாதார ஆய்வாளரையும் மேஸ்திரியையும் பொறியியல் பிரிவையும் ஒன்றாக உட்கார வைத்து, நேற்று ஊருக்காக வேலை செய்தவர்கள் யார் என்று கேளுங்கள். நிரந்தரப் பணியாளர் பட்டியல் பத்து நிமிடத்தில் வந்துவிடும். மற்றவர்களைத் தேடித்தான் எழுத வேண்டும். வெளிமுகமை மூலம் வரும் தூய்மைப் பணியாளர்கள், டெங்கு கொசு ஒழிப்புப் பணியாளர்கள், வால்வு திறந்து தண்ணீர் விடுபவர், ஏணி வைத்துத் தெருவிளக்குப் பழுது பார்ப்பவர், கழிவுநீர் லாரி ஓட்டுநரும் அவருடைய உதவியாளரும், தெருநாய் பிடிப்பவர், மின்மயானத்தில் இருப்பவர், குப்பைக் கிடங்கில் பொக்லைன் ஓட்டுபவர், பூங்கா காவலாளி, மழைக்காலத்தில் வடிகால் தூர்வார நாள்கூலிக்கு வருபவர்கள். அம்மா உணவகத்திலும் காலை உணவுத் திட்டத்திலும் சமைக்கும் சுயஉதவிக் குழுப் பெண்களையும் மறக்கக் கூடாது. கொதிக்கும் சாம்பார் அண்டா பக்கத்தில் நிற்பதும் ஆபத்தான வேலைதான்.

ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் வயது, மாதச் சம்பளம், சம்பளம் யார் கையிலிருந்து வருகிறது, இ.எஸ்.ஐ. எண் உண்டா என்ற நான்கையும் எழுதுங்கள். மஸ்டர் ரோலில் ஒரு பெயரும் வேலையில் வேறு ஆளும் இருக்கும் பழக்கம் சில ஊர்களில் உண்டு. அண்ணன் பெயரில் தம்பி வேலை பார்ப்பார், மாமியார் பெயரில் மருமகள் வருவார். விபத்து நடந்தால் அந்தக் குடும்பத்துக்கு ஒரு ரூபாய் கிடைப்பதும் கடினமாகிவிடும். யாரையும் தண்டிக்காமல், உண்மைப் பெயரைப் பதிய ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள். நீங்கள் எடுக்கப் போகும் எந்தப் பாலிசியையும்விட இது பெரிய பாதுகாப்பு.

சட்டம் யாரைப் பொறுப்பாளி ஆக்குகிறது

வேலையின்போது, வேலையின் காரணமாக ஏற்படும் காயத்துக்கும் மரணத்துக்கும் வேலை கொடுத்தவர் இழப்பீடு தர வேண்டும் என்ற விதி இந்தியாவில் 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. அப்போது அதன் பெயர் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். 2010 ஜனவரி முதல் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்ததும், சமூகப் பாதுகாப்புத் தொகுப்பின் ஏழாம் அத்தியாயம் அதன் இடத்தைப் பிடித்தது. அடிப்படை மாறவில்லை. வேலை கொடுத்தவரின் தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லை. குடிபோதை, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறுதல் போன்ற விலக்குகள்கூட மரணத்துக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் பொருந்தா.

கவுன்சிலர்கள் மனப்பாடம் செய்ய வேண்டிய விஷயம் இனிமேல்தான் வருகிறது. ஒரு நிறுவனம் தன் தொழிலை நடத்துவதற்காகக் கான்ட்ராக்டரை வைத்தால், கான்ட்ராக்டருடைய ஆளுக்கும் அந்த நிறுவனமே இழப்பீடு தர வேண்டும், பிறகு கான்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்றது பழைய சட்டத்தின் 12-ஆம் பிரிவு. 'நகராட்சி தொழில் நடத்துவதில்லையே' என்று தப்பிக்கவும் வழியில்லை. உள்ளாட்சி அமைப்பு தன் அதிகாரங்களையும் கடமைகளையும் நிறைவேற்றுவதே அதன் தொழிலாகக் கொள்ளப்படும் என்று அதே சட்டம் 2-ஆம் பிரிவில் சொல்லிவிட்டது. குப்பை அள்ளுவது நகராட்சியின் கடமை. ஆகவே குப்பை அள்ளும் கான்ட்ராக்ட் பணியாளர் நகராட்சித் தெருவில் அடிபட்டால், அவருடைய குடும்பம் நகராட்சி வாசலுக்கு வர உரிமை உண்டு. சென்னையில் பல மண்டலங்களின் குப்பைப் பணி தனியார் நிறுவனங்கள் கையில் இருக்கிறது; மற்ற மாநகராட்சிகளிலும் நகராட்சிகளிலும் வெளிமுகமை பெருகிவிட்டது. இந்தப் பொறுப்பைப் புரிந்துகொள்ளாமல் காப்பீடு வாங்குவது வீண் செலவு.

'விபத்து நடந்தாலும் இழப்பீடு கேட்க மாட்டேன்' என்று கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறோம் என்பார்கள் சிலர். அந்தக் காகிதத்துக்குச் சட்டத்தில் மதிப்பில்லை.

எவ்வளவு பணம் என்று நீங்களே கணக்கிடலாம்

மரணம் என்றால், மாதச் சம்பளத்தில் 50 சதவீதத்தை வயதுக்கு உரிய காரணி எண்ணால் பெருக்க வேண்டும். நிரந்தர முழு ஊனம் என்றால் 60 சதவீதம். சம்பளம் எவ்வளவு இருந்தாலும் கணக்குக்கு எடுக்கும் தொகைக்கு 2020 ஜனவரி 3 முதல் 15,000 ரூபாய் உச்சவரம்பு. காரணி எண் 25 வயதுக்கு 216.91, 40 வயதுக்கு 184.17, 55 வயதுக்கு 135.56.

பதினைந்தாயிரம் சம்பளம் வாங்கிய நாற்பது வயதுப் பெண் இறந்துபோனால் 7,500 ரூபாயை 184.17-ஆல் பெருக்குங்கள்: 13,81,275 ரூபாய். அவரே உயிர் பிழைத்து இரண்டு கைகளையும் இழந்தால் 16,57,530. ஒரு கட்டை விரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீத இழப்பு என்று அட்டவணை சொல்கிறது. முழு ஊனத் தொகையில் அதே விகிதம், அதாவது 4,97,259 ரூபாய். தற்காலிகமாக வேலைக்கு வர முடியாதவருக்குப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை மாதச் சம்பளத்தில் 25 சதவீதம். மருத்துவச் செலவு தனி. ஆன செலவை முழுதும் தர வேண்டும்.

ஒரு மாதத்துக்குள் பணம் கட்டாவிட்டால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி. நியாயமான காரணம் இல்லாத தாமதத்துக்கு இழப்பீட்டில் பாதி வரை கூடுதல் தொகை. சிறு பேரூராட்சி ஒன்றின் பொதுநிதிக்கு இது எத்தனை பெரிய அடி என்று உங்களுக்கே தெரியும். ஆனாலும் எனக்கு அதைவிட உறுத்துவது, பதின்மூன்று லட்சம் வர வேண்டிய வீட்டுக்குச் சவ அடக்கச் செலவும் ஒரு மாலையும் மட்டும் போய்ச் சேருவதுதான்.

இ.எஸ்.ஐ. முதலில், தனியார் பாலிசி அடுத்து

மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குபவர் இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வருவார். வேலை கொடுப்பவர் பங்கு 3.25 சதவீதம், பணியாளர் பங்கு 0.75 சதவீதம். பத்து பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கும் கான்ட்ராக்டருக்கு இது கட்டாயம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளாட்சிகளின் தற்காலிக, ஒப்பந்தப் பணியாளர்களை இ.எஸ்.ஐ.க்குள் கொண்டுவரும்படி மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் 2021 ஜூனிலேயே மாநிலங்களிடம் கேட்டுக்கொண்டது.

தெரிவு செய்யும் உரிமை இருக்குமானால், கொஞ்சமும் யோசிக்காமல் இ.எஸ்.ஐ.யைச் சொல்வேன். பதினைந்தாயிரம் சம்பளக்காரர் வேலையில் இறந்தால் சார்ந்தோருக்கு அவருடைய சராசரிக் கூலியில் 90 சதவீதம், ஏறத்தாழ மாதம் 13,500 ரூபாய், பங்கிட்டுத் தரப்படும். மனைவிக்கு வாழ்நாள் முழுதும், அவர் மறுமணம் செய்யும் வரை, பங்கு உண்டு. மகனுக்கு 25 வயது வரை. மகளுக்குத் திருமணம் வரை. ஒரே தடவையாக வரும் பதின்மூன்று லட்சம், கடன்காரரும் உறவினரும் கேட்டுக் கேட்டு இரண்டு வருடத்தில் கரைந்துவிடும் வீடுகள் நிறைய. மாதாமாதம் வரும் பணம் பிள்ளைகளைப் படிக்க வைக்கும். வேலைக் காயத்துக்கு 'இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும்' என்ற நிபந்தனையும் இல்லை. வேலையில் சேர்ந்த முதல் நாளே பாதுகாப்பு தொடங்குகிறது.

இரண்டு எச்சரிக்கை. இ.எஸ்.ஐ.யில் இருப்பவர் அதே காயத்துக்குப் பணியாளர் இழப்பீட்டுச் சட்டப்படி தனியாகக் கேட்க முடியாது. எனவே அவர்களையும் சேர்த்துப் பாலிசி பிரீமியம் கட்டினால் பணம் வீண். அடுத்தது, உங்கள் ஊரிலிருந்து இ.எஸ்.ஐ. மருந்தகம் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். எண் இருந்தும் மருத்துவமனை எட்டாத தூரத்தில் இருந்தால், அவசர சிகிச்சைக்கு அருகிலுள்ள எந்த மருத்துவமனையோடு ஏற்பாடு இருக்கிறது என்று கிளை அலுவலகத்தில் எழுத்தாகக் கேட்டு, அந்தப் பெயரை மஸ்டர் அறையில் ஒட்டி வையுங்கள்.

நிரந்தரப் பணியாளர், 21,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவர், எந்த நிறுவனத்திலும் சேராத நாள்கூலி ஆகியோர் மீதம். இவர்களுக்குத்தான் பாலிசி.

பாலிசியில் படிக்க வேண்டிய வரிகள்

பணியாளர் இழப்பீட்டுப் பாலிசியை நேஷனல், நியூ இந்தியா, ஓரியண்டல், யுனைடெட் இந்தியா என்ற நான்கு பொதுத்துறை நிறுவனங்களும் தனியார் நிறுவனங்களும் விற்கின்றன. பிரீமியம் மொத்தச் சம்பளத் தொகையின் மேல், வேலையின் ஆபத்துக்கு ஏற்பக் கணக்கிடப்படும். விலையைப் பார்க்கும் முன் வாசகங்களைப் பாருங்கள்.

கான்ட்ராக்டரின் பணியாளர்கள் சேர்ந்திருக்கிறார்களா? பல பாலிசிகளில் தனியாகக் கேட்டுச் சேர்த்தால்தான் அவர்கள் வருவார்கள். மருத்துவச் செலவு உண்டா, எத்தனை ரூபாய் வரை? தொழில்வழி நோய்கள் உண்டா? குப்பைக் கிடங்கிலும் கழிவுநீரிலும் வேலை செய்பவருக்கு நோய் காயத்தைவிடப் பெரிய எதிரி. இந்த மூன்றுக்கும் 'ஆம்' என்று எழுத்தில் வராத விலைப்புள்ளியை மலிவு என்பதற்காக ஏற்காதீர்கள்.

வட்டி யார் தலையில்? இழப்பீட்டோடு வட்டியும் காப்பீட்டு நிறுவனத்தின் பொறுப்பு, தாமதத்துக்கான அபராதம் வேலை கொடுத்தவருடையது என்று உச்ச நீதிமன்றம் 1997-இல் வேத் பிரகாஷ் கர்க் வழக்கில் சொன்னது. ஆனால் வட்டி தர மாட்டோம் என்று பாலிசியிலேயே எழுதிவிட்டால் அது செல்லும் என்று 2006-இல் ஹர்ஷத்பாய் வழக்கில் தீர்ப்பு வந்தது. அந்த விலக்கு வாசகத்தை நீக்கச் சொல்லுங்கள்; கூடுதல் பிரீமியம் கேட்டால் கொடுங்கள்.

வேலை இடம் எது என்று பாலிசியில் எழுதியிருப்பதையும் கவனியுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு சென்னையைச் சுத்தம் செய்யப் பிற ஊர்களிலிருந்து தூய்மைப் பணியாளர்கள் அழைத்து வரப்பட்டார்கள். 'நகராட்சி எல்லைக்குள்' என்று மட்டும் எழுதிய பாலிசி, அப்படி வேறு ஊருக்கு அனுப்பப்படும் நாளில் சிக்கலாகும். வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்து இப்போது, நேரமும் இடமும் சூழலும் வேலையோடு தொடர்புடையவை என்று காட்ட முடிந்தால், வேலை விபத்தாகவே கருதப்படும் என்று புதிய தொகுப்பு சொல்கிறது. விடியற்காலையில் சாலையில் நடக்கும் பணியாளர்களுக்கு இது மிக முக்கியம். பழைய அச்சு வாசகத்தோடு வரும் பாலிசியில் இதைச் சேர்த்து வாங்குங்கள்.

சம்பளத்தைக் குறைத்துக் காட்டிப் பிரீமியத்தை மிச்சப்படுத்தும் யோசனை எங்கிருந்தாவது வரும். ஒப்புக்கொள்ளாதீர்கள். காட்டிய சம்பளத்துக்குத்தான் நிறுவனம் தரும், மீதி பொதுநிதியிலிருந்து போகும். ஆண்டு முடிவில் உண்மைச் சம்பளக் கணக்கைக் கொடுத்துப் பிரீமியத்தை நேர் செய்வதும் உங்கள் வேலை.

நகராட்சி வண்டி ஓட்டுநருக்கும் உதவியாளருக்கும் வண்டிக் காப்பீட்டிலேயே இடம் உண்டு. அது நடப்பில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

டெண்டரில் எழுத வேண்டியவை

கான்ட்ராக்டர் காப்பீடு எடுத்திருக்கிறார் என்று டெண்டரில் ஒரு வரி இருந்தால் போதாது. பாலிசியில் நகராட்சியின் பெயரும் முதன்மை வேலைதருநராக இருக்க வேண்டும். ஒவ்வொரு மாதமும் பில் தொகை விடுவிக்கும் முன், அந்த மாத மஸ்டர் பெயர்களும் இ.எஸ்.ஐ. சலானில் உள்ள பெயர்களும் ஒன்றா என்று ஒருவர் உட்கார்ந்து ஒப்பிட வேண்டும். பெயர் விடுபட்டிருந்தால் அவருக்கான சந்தாவை நகராட்சியே கட்டிப் பில்லில் பிடித்துக்கொள்ளலாம், இ.எஸ்.ஐ. சட்டம் அதற்கு இடம் கொடுத்தது. இந்த ஒப்பீட்டை மன்றக் கூட்டத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வைக்கும்படி கவுன்சிலர்கள் கேட்டால், கான்ட்ராக்டர்களின் நடத்தை தானாக மாறும்.

கழிவுநீர்த் தொட்டிக்குப் பாலிசி கிடையாது

தொட்டிக்குள்ளும் ஆள்நுழை குழிக்குள்ளும் பாதுகாப்பின்றி ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். 'இறக்குபவருக்கும் சேர்த்துக் காப்பீடு எடுத்துவிடலாமா?' என்று யாராவது கேட்டால், ஆளை இறக்கக் கூடாது என்பதே பதில். 1993 முதல் இப்படி இறந்தவர் குடும்பங்களுக்குப் பத்து லட்சம் தர வேண்டும் என்று 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2023 அக்டோபரில் பல்ராம் சிங் வழக்கில் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. நிரந்தர ஊனத்துக்கு இருபது லட்சம். சாதாரணப் பாலிசி இதைத் தாங்கும் என்று நம்பாதீர்கள். அந்தப் பிரீமியப் பணத்தில் உறிஞ்சு லாரியும் அடைப்பு எடுக்கும் இயந்திரமும் வாடகைக்கு எடுங்கள்.

தூய்மைப் பணியாளர் நல வாரிய அட்டை எல்லோரிடமும் இருக்கிறதா என்றும் பாருங்கள். 2025 ஆகஸ்டில், சென்னைத் தூய்மைப் பணியாளர் போராட்டத்தை ஒட்டி, பணியின்போது இறப்பவர் குடும்பத்துக்கு நல வாரிய நிதியும் காப்பீடுமாகச் சேர்த்துப் பத்து லட்சம் ரூபாய் கிடைக்கும் ஏற்பாட்டைத் தமிழக அரசு அறிவித்தது. இது உதவி, இழப்பீடு உரிமை. ஒன்றைக் காட்டி மற்றொன்றைக் குறைக்கக் கூடாது.

மேயர், தலைவர், கவுன்சிலர்

தேர்ந்தெடுக்கப்பட்டவர் யாருடைய பணியாளரும் அல்ல. 2023 ஜூலை முதல் தமிழகத்தில் மேயருக்கு மாதம் 30,000, மாநகராட்சிக் கவுன்சிலருக்கு 10,000, நகராட்சிக் கவுன்சிலருக்கு 5,000, பேரூராட்சிக் கவுன்சிலருக்கு 2,500 ரூபாய் தரப்படுகிறது. இது மதிப்பூதியம், சம்பளமாகாது. அதனால் இழப்பீட்டுச் சட்டமும் இ.எஸ்.ஐ.யும் அவர்களைத் தொடுவதில்லை. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலச் சட்டம், ஊதியம் பெறும் தேர்ந்தெடுக்கப்பட்ட பதவியாளரையும் பணியாளர் என்ற சொல்லுக்குள் சேர்த்திருக்கிறது. இங்கே அப்படியொரு வாசகம் இல்லை.

ஆனாலும் வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீரில் இறங்குபவர், நள்ளிரவில் மின்கம்பி அறுந்த தெருவுக்கு ஓடுபவர் பல ஊர்களில் கவுன்சிலர்தான். சரிபாதி இடங்களில் பெண்கள். அவர்களில் பலருக்குக் கவுன்சிலர் பதவி தவிர வேறு வருமானம் கிடையாது. இவர்களுக்கு ஏற்றது குழுத் தனிநபர் விபத்துப் பாலிசி. ஒவ்வொருவருக்கும் ஒரே தொகை. இறப்புக்கும் முழு ஊனத்துக்கும் அத்தொகை முழுதும், பகுதி ஊனத்துக்கு அட்டவணைப்படி பங்கு. மாரடைப்பு விபத்தில் சேராது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பிரீமியத்தைப் பொதுநிதியிலிருந்து கட்டுவதானால் மன்றத் தீர்மானம் மட்டும் போதும் என்று நினைக்காதீர்கள். நகராட்சி நிர்வாக இயக்குநரகத்தின் எழுத்துப்பூர்வ அனுமதியை வாங்குங்கள். இல்லையென்றால் உள்ளாட்சி நிதித் தணிக்கையில் மறுப்புக் குறிப்பு வரும். அனுமதி வரும்வரை, உறுப்பினர்கள் தங்கள் மதிப்பூதியத்திலிருந்து பங்கு போட்டுக் குழுவாக எடுப்பதில் தடையில்லை. கவுன்சிலர்களுக்கான தீர்மானம் நிறைவேறும் அதே கூட்டத்தில் கான்ட்ராக்ட் பணியாளர் பட்டியலும் ஒப்புதலுக்கு வர வேண்டும் என்பது என் கோரிக்கை. தங்களுக்கு மட்டும் பாலிசி எடுத்துக்கொண்ட மன்றம் என்ற பெயர் உங்களுக்கு வேண்டாம்.

விபத்து நடந்த நாளில்

மருத்துவமனைக்குச் செல்லும்போதே, வேலையில் நடந்த விபத்து என்று விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். அன்றைய மஸ்டரை நகலெடுத்துப் பத்திரப்படுத்துங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் இ.எஸ்.ஐ. கிளைக்கும் அன்றே தகவல். மரணமோ கடும் காயமோ என்றால் ஏழு நாட்களுக்குள் இழப்பீட்டு ஆணையருக்கு அறிக்கை. தமிழ்நாட்டில் அந்தப் பொறுப்பைத் தொழிலாளர் துறையின் துணை ஆணையர், இணை ஆணையர் நிலையில் உள்ளவர்கள் வகிக்கிறார்கள்.

மரண இழப்பீட்டைக் குடும்பத்தின் கையில் நேரே கொடுத்துக் கையெழுத்து வாங்காதீர்கள். சட்டத்தின் பார்வையில் அது கொடுத்ததாகவே ஆகாது. முன்பணமாக மூன்று மாதச் சம்பளம் வரை தரலாம், மீதியை ஆணையரிடம் கட்ட வேண்டும். மனைவி, பிள்ளைகள், வயதான தாய் என்று யாருக்கு எவ்வளவு என அவர்தான் பிரிப்பார். குடும்பம் மனுப்போட இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. வக்கீல் இல்லாமலும் போடலாம். துணை ஆணையர் அலுவலகத்தின் முகவரியையும், கொண்டுபோக வேண்டிய மஸ்டர் நகல், பிரேத பரிசோதனை அறிக்கை, வயதுச் சான்று, வாரிசுச் சான்று ஆகியவற்றின் பட்டியலையும் ஒரு தாளில் அடித்து, வார்டு கவுன்சிலரே அந்த வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கட்டும்.